எம்ப்ளாயி சர்வே: நாமளே எடுக்கலாமா, கன்சல்டன்ட்டுக்கு காசு குடுக்கலாமா?

கேள்வி: அக்கா வணக்கம். கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில ஹெச்ஆர்ல இருக்கேங்க. மொத்தம் 260 பேரு, 90 பேரு ஆபீஸ் ஸ்டாஃப், 170 பேரு ஷாப் ஃப்ளோர், அதுல பாதிக்கு மேல பீகார், ஒடிசா பசங்க. ஒரு வருஷமா ஆளுங்க வேலைய விட்டு நின்னுட்டே இருக்காங்க, அதனால எம்டி சர்வே எடுக்கச் சொல்லிட்டாரு. ஒரு கன்சல்டன்ட் 3,80,000 ரூபா பிளஸ் ஜிஎஸ்டின்னு கொட்டேஷன் குடுத்திருக்காங்க. அக்கவுண்ட்ஸ்ல கேட்டா கூகுள் ஃபார்ம்ஸ்ல ஓசில பண்ற வேலைக்கு எதுக்கு நாலரை லட்சம்னு சிரிக்கிறாங்க. நடுவுல சர்வே சாஃப்ட்வேர் விக்கிறவங்க வேற தினம் போன் பண்றாங்க. எதுக்கு போறதுங்க?

பதில்: தம்பி, அக்கவுண்ட்ஸ்காரர் சிரிச்சதுல பாதி நியாயம் இருக்கு. 18% ஜிஎஸ்டி 68,400, ஆக மொத்தம் 4,48,400. அந்த ஜிஎஸ்டிய இன்புட் கிரெடிட்டா, அதாவது நீங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்குவீங்கன்னு தள்ளினாலும் தலைக்கு 1,460 ரூபா சொச்சம் வருது. கேள்வி அனுப்பி பதில் வாங்குறதுக்கு மட்டும்னா அநியாய ரேட்டு, அந்த வேலைய ஓசி ஃபார்மே நல்லா செய்யும். ஆனா நீங்க அவங்ககிட்ட வாங்கப்போற சரக்கே வேற. "நான் எழுதறது மொதலாளி கண்ணுல படாது"ன்னு உங்க ஆளு நம்பணும் பாருங்க, அந்த நம்பிக்கைக்குத்தான் காசு. அது உங்க கம்பெனில ஏற்கனவே இருந்தா கன்சல்டன்ட் வேணாம், இல்லன்னா எந்த ஃபார்ம்ல கேட்டாலும் 260 பேரும் எல்லாம் சூப்பர்னு எழுதிக் குடுத்துட்டு போய்ட்டே இருப்பாங்க.

என் கதைய சொல்றேன். முன்னாடி ஒரு எடத்துல க்வாலிட்டில இருந்தேன், பேரு வேணாம்னு சொல்லித்தான் சர்வே வந்துச்சு, ஆனா மேல டிபார்ட்மென்ட், ஆணா பெண்ணா, எத்தனை வருஷ சர்வீஸ், வயசுன்னு நாலு கட்டம். எங்க டிபார்ட்மென்ட்ல 10 வருஷத்துக்கு மேல இருந்த பொம்பள நான் ஒருத்திதான். ஓவர்டைம் பத்தி "எழுதுறது ஒரு கணக்கு, குடுக்கிறது ஒரு கணக்கு"ன்னு எழுதினேன். அடுத்த வாரம் மீட்டிங்ல மேனேஜர் அதே வார்த்தைய, ஒரு எழுத்து மாறாம, என் மூஞ்சிய பாத்துட்டே சொன்னாரு. மறுவருஷம் சர்வே வந்தப்ப எல்லாத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டு டீ குடிக்க போய்ட்டேன். அந்த வருஷம் எங்க டிபார்ட்மென்ட் ஸ்கோர் எகிறிடுச்சாம், கேக் வேற வெட்னாங்க.

இந்த தப்ப கன்சல்டன்ட்டும் பண்ணலாம், ஓசி ஃபார்மும் பண்ணலாம். அதனால கொட்டேஷன பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு முடிவு பண்ணுங்க, ஆளு ஆளா வர்ற ஒரிஜினல் பதில் யாரு கையில இருக்கப்போகுது? எம்டி "எனக்கு எல்லா ஷீட்டும் அனுப்புங்க"ன்னு கன்சல்டன்ட்கிட்ட கேட்டு அவங்களும் அனுப்பிட்டா அந்த 3,80,000 தண்டம். இத முதல்லயே அக்ரிமென்ட்ல எழுதி வாங்கணும், அஞ்சு பேருக்கு கம்மியா இருக்கிற எந்த குரூப்புக்கும் தனி ரிசல்ட் குடுக்கக்கூடாது, கைப்பட எழுதின கமெண்ட்ட அப்படியே குடுக்காம சாராம்சமா குடுக்கணும், வேலை முடிஞ்சு இத்தன நாள்ல ஒரிஜினல அழிச்சிடணும்னு. அதுலயும் ஒரு கழித்தல் கணக்கு இருக்கு. ஸ்டோர்ஸ்ல மொத்தம் 8 பேரு, அவங்க சராசரி ஒரு பக்கம் இருக்கு, ஆம்பளைங்க 6 பேரோட சராசரி இன்னொரு பக்கம் இருக்குன்னா, மிச்ச ரெண்டு பொண்ணுங்களோட சராசரி என்னன்னு கழிச்சு பாக்க பத்தாங்கிளாஸ் கணக்கே போதும். கன்சல்டன்ட்கிட்ட இத கேளுங்க, முழிச்சாங்கன்னா வேற ஆள பாருங்க.

நாமளே எடுத்தா என்னென்ன சிக்கல்னா, கூகுள் ஃபார்ம்ஸ்ல ஒருத்தர் ஒரு தடவைதான் பதில் போடணும்னு செட்டிங் வெச்சா அக்கவுண்ட்ல லாகின் பண்ணியே ஆகணும். மெயில் ஐடிய சேகரிக்கிற ஆப்ஷன நீங்க ஆஃப் பண்ணி வெச்சா அது உங்களுக்கு வராது, ஆனா பதில் போடறவருக்கு அவரோட மெயில் ஐடி ஃபார்ம்லயே தெரியும், ஷேர் ஆகாதுன்னு பக்கத்துல சின்னதா இருக்கிறத எவன் படிக்கிறான், ஐடிய பாத்ததுமே பேனாவ மூடி வெச்சிடுவான். மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ்ல கம்பெனி ஆளுங்களுக்கு மட்டும்னு வெச்சா பேரைப் பதிவு பண்ற டிக்க எடுத்து விடணும், மறந்தீங்கன்னா முடிஞ்சுது கதை. அப்புறம் கூகுள் ஃபார்ம்ஸ் பதில் வந்து சேர்ற ஷீட்ல முதல் கட்டமே பதில் போட்ட டைம்தான். ஷாப் ஃப்ளோர்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர வெச்சு ஷிஃப்ட் முடிய வரிசையா வந்து போடச் சொன்னா 4:12க்கு யாரு உக்காந்திருந்தாங்கன்னு மேல இருக்கிற கேமரா சொல்லிடும்.

இன்னொரு விஷயம், 2023 டேட்டா பாதுகாப்பு சட்டத்துல, வேலைய வெளிய குடுத்தாலும் பொறுப்பு உங்க கம்பெனி தலையிலதான், கன்சல்டன்ட் கோட்டை விட்டுட்டாருன்னு கைய விரிக்க முடியாது.

சாஃப்ட்வேர் சப்ஸ்கிரிப்ஷன், உங்களுக்கு இப்ப தேவையில்ல. தலைக்கு மாசம் இவ்வளவுன்னு கேக்கும்போது சில்லறையா தெரியும், 260 பேருக்கு வருஷக் காண்ட்ராக்ட்னு பில் வரும்போதுதான் வலிக்கும். மாசாமாசம் நாலு கேள்வி கேக்கிற கம்பெனிக்கு அது சரி. வருஷத்துக்கு ஒரு தடவை கேக்கிற எடத்துல, கம்பெனி மெயில் ஐடியே இல்லாத 170 பேர வெச்சுக்கிட்டு டாஷ்போர்டு வாங்கி என்ன பண்ண? இண்டஸ்ட்ரி பெஞ்ச்மார்க், அதாவது ஒப்பிட்டு பாக்க மத்த கம்பெனிங்களோட ஸ்கோர் தர்றோம்பாங்க, எந்தெந்த மாதிரி கம்பெனிங்கன்னு கேளுங்க, பாதி ஐடி கம்பெனியா இருந்தா ஃபவுண்ட்ரில நிக்கிற ஆளோட என்னத்த ஒப்பிட்டு பாக்கறது.

என் யோசனை என்னன்னா, கொட்டேஷன துண்டு துண்டா பிரிச்சு கேளுங்க. கேள்வி தயார் பண்ண எவ்வளவு, பதில் வாங்க எவ்வளவு, ரிப்போர்ட்டுக்கு எவ்வளவு, கடைசில வர்ற ஒர்க்‌ஷாப்புக்கு எவ்வளவு. ஃபுல் மீல்ஸ்தான், தனியா தரமாட்டோம்னா வேற கடை. 90 ஸ்டாஃபுக்கு நீங்களே ஃபார்ம்ல எடுத்துக்கலாம், ஆனா அந்த அக்கவுண்ட் பாஸ்வேர்டு எம்டிகிட்டயும் இருக்கக்கூடாது, அது நடக்காதுன்னா ஸ்டாஃபையும் வெளிய குடுத்துடுங்க. காச ஷாப் ஃப்ளோருக்கு போடுங்க. ஹிந்தி, ஒடியா பேசத் தெரிஞ்ச வெளியாளு, சூப்பர்வைசர் பக்கத்துல இல்லாத ரூமு, ஆறேழு பேரா உக்கார வெச்சு பேச விடறது. சிகாகோ பக்கத்துல ஹாத்தார்ன் ஃபேக்டரில 1928ல இருந்து 1930 வரைக்கும் சுமார் 21,000 தொழிலாளிங்ககிட்ட பேட்டி எடுத்தாங்க, முதல்ல தயாரா வெச்ச கேள்விய வரிசையா கேட்டுட்டு, ஆளுங்க வேற என்னென்னமோ பேசறாங்கன்னு தெரிஞ்சதும் கேள்விய ஓரம் வெச்சுட்டு அவங்க போக்குல பேச விட்டுட்டாங்க. உங்க பசங்களுக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் டிக் அடிக்கிறத விட இதுதான் செட் ஆகும், தண்ணி, ரூம் வாடகை, ஊருக்கு போக லீவுன்னு நீங்க கேள்வியே போட்டிருக்காத விஷயமெல்லாம் அப்பதான் வெளிய வரும்.

கொட்டேஷன் பேச வந்த கன்சல்டன்ட் சீனியர்தான் வேலைக்கும் வருவாரா, இல்ல காலேஜ் முடிச்சு வந்த பையன அனுப்புவாங்களான்னும் பேரோட கேட்டுக்கோங்க.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு ஓசி வேலை இருக்கு தம்பி. ஒரு வருஷத்துல நின்னவங்க லிஸ்ட்ட எடுங்க, எந்த செக்‌ஷன், எந்த சூப்பர்வைசர், சேந்து எத்தன மாசத்துல நின்னாங்கன்னு ஒரு ஷீட்ல போடுங்க. முக்கால்வாசி பேரு ஒரே சூப்பர்வைசர் கீழ இருந்தவங்கன்னு வந்துச்சுன்னா சர்வே எதுக்கு. நின்னவங்கள்ல பத்து பேருக்கு போன் பண்ணுங்க, அவங்களுக்கு இனிமே பயம் கெடையாது. அப்புறம் எம்டிகிட்ட போய் எதெதெல்லாம் மாத்த ரெடி சார்னு கேளுங்க. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்னா சம்பளத்த பத்தி கேக்காதீங்க, கேட்டுட்டு சும்மா இருக்கிறது கேக்காம இருக்கிறத விட மோசம்.

கேள்வி: நெட்ல கேலப்னு ஒரு அமெரிக்க சர்வே கம்பெனியோட 12 எம்ப்ளாயி சர்வே கேள்வி கெடைக்குது, அதையே காப்பி பண்ணி போட்டுக்கலாமா? (திருப்பூர்)

பதில்: வேணாம், அது கேலப்போட காப்பிரைட். அதுல ஆபீஸ்ல உயிர் நண்பர் இருக்காரான்னு ஒரு கேள்வி இருக்கு, நம்ம லைன்ல நிக்கிற அண்ணன் அத படிச்சுட்டு இத எதுக்கு கேக்கிறாங்கன்னு சந்தேகப்படுவாரு. நீங்களே பத்து கேள்வி எழுதலாம், ஒரு கேள்வில ஒரு விஷயம்தான் வரணும். "கேண்டீனும் ரெஸ்ட்ரூமும் சுத்தமா இருக்கா"ன்னு கேட்டா, கேண்டீன் சுத்தம் ரெஸ்ட்ரூம் நாத்தம்னா அவரு எதுல டிக் போடுவாரு? எழுதி முடிச்சதும் நாலு பேர்கிட்ட சத்தமா படிச்சு காட்டுங்க, எங்க முழிக்கிறாங்களோ அங்க மாத்துங்க.

கேள்வி: பேரில்லாத சர்வேல ஒரு பொண்ணு "எங்க இன்சார்ஜ் தப்பா நடந்துக்கறாரு"ன்னு எழுதியிருக்கு. நாங்களேதான் எடுத்தோம். யாருன்னு கண்டுபிடிக்கலாமா மேடம்? (ஓசூர்)

பதில்: கண்டுபிடிக்கவே கூடாது. கையெழுத்து, டைம், ஷிஃப்ட் எதையும் நோண்டாதீங்க, நல்ல எண்ணத்துல தேடினாலும் விஷயம் பரவி அந்த இன்சார்ஜ் காதுக்குத்தான் முதல்ல போகும். வேலை எடத்துல பாலியல் தொல்லைய தடுக்கிற 2013 சட்டப்படி 10 பேரு, அதுக்கு மேல வேலை பாக்கிற எல்லா எடத்துலயும் உள்புகார் கமிட்டி இருக்கணும். அவங்க விசாரிக்க அந்த பொண்ணு எழுத்துல புகார் குடுக்கணும், நடந்து மூணு மாசத்துக்குள்ள. எழுத முடியலன்னா எழுத உதவி பண்ண வேண்டியது கமிட்டியோட வேலை. நியாயமான காரணம் இருந்தா இன்னொரு மூணு மாசம் வரைக்கும் நீட்டிக்கவும் கமிட்டியால முடியும்.

அதனால நாளைக்கு காலைலயே கமிட்டில யார் யாரு இருக்காங்க, போன் நம்பர் என்னன்னு தமிழ்லயும் உங்க ஆளுங்க பேசற மத்த பாஷையிலயும் நோட்டீஸ் அடிச்சு போர்டுல மட்டும் இல்லாம லேடீஸ் ரெஸ்ட்ரூம் கதவுக்கு உள்பக்கமும் ஒட்டுங்க, போர்டு முன்னாடி நின்னு நம்பர் எழுதற தைரியம் அந்த பொண்ணுக்கு வராது. கமிட்டில இருக்கிற வெளியாளு மெம்பர ஒரு நாள் வரவெச்சு பொண்ணுங்கள மட்டும் உக்கார வெச்சு பொதுவா பேசச் சொல்லுங்க, இந்த கமெண்ட் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. அடுத்த சர்வே எடுக்கிறதுக்கு முன்னாடி, இப்படி ஒரு கமெண்ட் வந்தா யாரு படிக்கிறது, யாருகிட்ட போகும்னு முதல் பக்கத்துலயே எழுதிடுங்க.