உட்கார்ந்தால் மரியாதைக் குறைவா?

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். சட்டம் வந்தபின் ஸ்டூல் போட்டார்கள். ஆனால் யாராவது உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் முதலாளிக்கு முகம் மாறிவிடும். வெளியூரில் இருந்தாலும் செல்போனில் கேமரா பார்த்துவிட்டு, "மூணாவது கவுண்டர்ல யாருய்யா உட்கார்ந்திருக்கிறது?" என்று எனக்குப் போன் வரும். பழைய ஆட்கள் அவர் தலை தெரிந்ததும் எழுந்துவிடுவார்கள். புதுப் பிள்ளைகளோ, "கஸ்டமர் இல்லையே சார்" என்கிறார்கள். போன வாரம் ஒரு பெண்ணுக்கு நூறு ரூபாய் பிடிக்கச் சொன்னார். நான் யார் பக்கம் பேசுவது? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

பிள்ளைகள் பக்கம்தான்.

2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது அது. முதலாளி இல்லாதபோது மட்டும் என்று அதில் இல்லை. இதற்கு முன்னோடி கேரளம், 2018-இல். அங்கும் சும்மா வந்துவிடவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கழிப்பறைக்கும் பிறகு இருக்கைக்கும் போராடியதன் பலன் அது.

உங்கள் முதலாளியின் கோபத்தில் பாதி வியாபாரக் கவலையாக இருக்கலாம். ஆட்கள் உட்கார்ந்திருந்தால் கடை ஓடவில்லை என்று வருகிறவர் நினைப்பாரோ என்ற பயம். அதைப் பேசித் தீர்க்கலாம். வாடிக்கையாளர் வந்தால் எழுந்திருப்பது வேலை. மடியில் போனை வைத்து நோண்டிக்கொண்டிருந்தால் அவர் திட்டுவதும் சரி.

மீதிப் பாதிதான் சிக்கல். நம் ஊரில் யார் முன்னால் யார் உட்காரலாம் என்பது நெடுங்காலம் சாதிக் கணக்கு. திண்ணையில் உட்கார்ந்ததற்கு அடி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறார்கள். அந்தப் பழக்கம் கடைக்குள் வந்து டிசிப்ளின் என்று உட்கார்ந்துகொண்டது. (அது மட்டும் உட்காரலாம் போல!)

பழைய ஆட்களை உதாரணம் காட்டாதீர்கள். சாயங்காலம் அவர்கள் கெண்டைக்காலில் புடைத்துச் சுருண்டிருக்கும் நரம்பைப் பாருங்கள். கல்யாண வீட்டுக் கூட்டம் ஐம்பது சேலையை விரித்துப் போடவைத்துவிட்டு, "அப்புறமா வர்றோம்" என்று இறங்கிப் போகும். அத்தனையையும் மடித்து அடுக்கியபின் கிடைக்கிற பத்து நிமிடத்துக்குத்தான் இவ்வளவு சண்டை.

நூறு ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். பிடித்தத்துக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'உட்கார்ந்ததற்காக' என்று எழுத உங்கள் கணக்கருக்குக் கை வராது. தொழிலாளர் துறை ஆய்வாளர் கண்ணில் பட்டால் என்னவாகும் என்று அவருக்குத் தெரியும். முதலாளியிடம் சட்டம் பேச உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், கணக்கரையே பேசவிடுங்கள்.

அப்புறம், நீங்களும் ஊழியர்தான். உங்களுக்கு ஸ்டூல் போட்டிருக்கிறார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.