தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் கண்ணாடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புதிய வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மாடிப்படியை ஒட்டி, கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு பெரிய கண்ணாடிச் சுவர் வருகிறது. தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் கண்ணாடியைப் போட்டால் ஆயுள் முழுவதும் துடைக்கவே வேண்டாம் என்று ஒப்பந்ததாரர் கூறுகிறார். இதை நம்பலாமா?

பதில்: துடைக்கவே வேண்டாம் என்பதை நம்ப வேண்டாம், அடிக்கடி துடைக்க வேண்டியிராது என்பதைத் தாராளமாக நம்பலாம். இந்த இரண்டு கூற்றுகளுக்கும் இடையிலுள்ள தொலைவைப் புரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள்தாம் பின்னர் ஏமாந்துபோனதாக வருந்துகிறார்கள். ஆகவே அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கண்ணாடியின் வெளிப்புறத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் பொருள் மிக மெல்லிய படலமாகப் படிந்திருக்கிறது. வெள்ளைப் பெயிண்டுக்கு வெண்மை தருவதும் இதே பொருள்தான். 2001ஆம் ஆண்டில் பில்கிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கண்ணாடியில் இந்தப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ 15 நானோமீட்டர், அதாவது தலைமுடியின் பருமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால்தான் பெயிண்டில் வெண்மையாகத் தெரியும் பொருள் இங்கே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தொழிற்சாலையில் கண்ணாடித் தகடு இன்னும் கொதிப்பு அடங்காமல் இருக்கும்போதே ஆவி வடிவில் இதைப் படியச் செய்கிறார்கள்; எனவே அது மேலே பூசிய மெழுகைப் போல உரிந்துவிடாமல் கண்ணாடியோடு ஒன்றிவிடுகிறது.

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் இந்தப் படலத்தின்மீது விழும்போது, அதிலுள்ள எலக்ட்ரான்கள் கிளர்ச்சியடைந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து, வீரியம் மிக்க மூலக்கூறுகளை உருவாக்குகின்றன. எண்ணெய்ப் பிசுக்கு, புகைப் படலம், பாசி போன்ற கரிமப் பொருள்களை அவை சிறிது சிறிதாகச் சிதைத்து, கண்ணாடியின்மீது அவற்றுக்கு இருந்த பிடிப்பைத் தளர்த்துகின்றன. படலம் இதில் செலவாவதில்லை. அது வினையூக்கி மட்டுமே. டைட்டானியம் டை ஆக்சைடின்மீது ஒளி பட்டால் நீரே பிளவுபடும் என்பதை ஜப்பானிய அறிஞர்கள் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் 1972இல் வெளியிட்ட ஆய்வுதான் இவை அனைத்துக்கும் வித்து.

இது பாதி வேலைதான். தளர்ந்த அழுக்கைக் கொண்டுபோக நீர் வேண்டும். ஒளிபட்ட படலத்தின்மேல் நீர் முத்துமுத்தாக நிற்காமல், மெல்லிய திரையாகப் பரவி, அழுக்குக்கு அடியில் புகுந்து அதை வழித்துக்கொண்டு இறங்குகிறது. துளிகள் தனித்தனியாக நின்று காயாததால், ஒவ்வொரு துளியும் விட்டுச்செல்லும் வட்டக் கறையும் குறைகிறது. வெயிலும் மழையும் நேரடியாகப் படும் இடமாக இருந்தால், தங்களுடைய எட்டாத சுவருக்கு இது மிகப் பொருத்தமான கண்ணாடி என்றே கூறுவேன். அகலமான கூரை நீட்டம் மேலே மறைத்துக்கொண்டிருந்தால் அந்தச் செலவு வீண்.

கேள்வி: தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுவதைப் பார்த்துத்தான் இந்தக் கண்ணாடியை உருவாக்கினார்கள் என்று படித்தேன். சரிதானா?

பதில்: பலரும் கொண்டிருக்கும் கருத்து இது, ஆனால் இந்தக் கண்ணாடி செயல்படுவது அதற்கு நேர்மாறான வழியில். தாமரை இலையின் மேற்பரப்பில் மெழுகு பூத்த நுண்ணிய மேடுகள் நிறைந்திருக்கின்றன. நீர்த்துளி அவற்றின் உச்சிகளை மட்டும் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ முழு உருண்டையாக நிற்கிறது. உருளும்போது தூசியையும் ஒட்டிக்கொண்டு செல்கிறது. ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்ட்லாட் இதை விரிவாக ஆராய்ந்து விளக்கினார். ‘தாமரை இலைத் தண்ணீர்’ என்று ஒட்டாத உறவைச் சொல்லும் நமக்கு அந்தக் காட்சி புதிதன்று.

டைட்டானியம் பூச்சுக் கண்ணாடியிலோ நீர் முற்றிலும் ஒட்டிப் பரவுகிறது. துளியின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் கோணம் தாமரை இலையில் 150 பாகைக்கும் மேல். வெயில் பட்ட இந்தக் கண்ணாடியில் அது சுழியத்தை நெருங்குகிறது. ஒளியால் தூண்டப்படும் இந்த நீர்விரும்பும் பண்பைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1997இல் வெளிவந்தது. தாமரை இலையைப் பின்பற்றிய நீர்விலக்கும் பூச்சுகளும் சந்தையில் உண்டு. அவை வேறு இனம். வாங்கும்போது இது நீரை விரும்பும் பூச்சா, விலக்கும் பூச்சா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: பொருத்தி ஒரு வாரம் ஆகிறது. மழை பெய்தும் துளிகள் திட்டுத்திட்டாகவே நிற்கின்றன. பூச்சு பழுதானதா?

பதில்: பொறுத்திருங்கள். புதிய கண்ணாடி தன் பண்பைப் பெற, பகல் வெளிச்சம் சில நாள்கள் தொடர்ந்து பட வேண்டும். மேகமூட்டம் இருந்தால் கூடுதலாகும். அதன் பிறகும் ஓரங்களில் மட்டும் துளிகள் நின்றால், சட்டத்தைச் சுற்றி வைத்த சிலிக்கோன் அடைப்பானைச் சந்தேகியுங்கள். அதிலிருந்து கசியும் எண்ணெய் கண்ணாடியின்மேல் படர்ந்து நீரை விலக்கிவிடும். இதற்கென்று உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் அடைப்பானையே பயன்படுத்த வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கேள்வி: எங்கள் அலுவலகக் கட்டடத்தில் இந்தக் கண்ணாடிதான் இருக்கிறது. ஆனாலும் வெள்ளை வெள்ளையாகக் கறைகள் படிந்திருக்கின்றன. காரணம் என்ன?

பதில்: அவை பெரும்பாலும் உப்புக் கறைகளாகவோ சிமெண்டுக் கறைகளாகவோ இருக்கும். சுண்ணாம்பு, சிமெண்டு, மணல் போன்ற கனிமப் பொருள்களைச் சிதைக்கும் திறன் இந்தப் படலத்துக்கு இல்லை. மழை பெய்யாத மாதங்களில் குழாய் வைத்துக் கண்ணாடியைக் கழுவுவது சரியான பழக்கமே. ஆனால் அந்த நீர் உப்பு மிகுந்த கடின நீராக இருந்தால், கழுவக் கழுவக் கறை கூடும். மென்மையாக்கிய நீரால் கழுவச் சொல்லுங்கள். மேலே கான்கிரீட் விளிம்பு இருந்து, அதன்மேல் வடிந்த நீர் கண்ணாடியில் இறங்குகிறதா என்றும் பாருங்கள்; அப்படியானால் குறை கட்டட வடிவமைப்பில் இருக்கிறது.

தடிமனான பறவை எச்சத்தையும் கையால்தான் கழுவ வேண்டும். ஒளியே ஊடுருவ முடியாதபடி அது மூடிக்கொண்டால், அடியிலுள்ள படலம் செயல்பட வழியில்லை.

கேள்வி: குளியலறைத் தடுப்புக்கும் இதையே போடலாமா?

பதில்: வேண்டாம். அறைக்குள் போதிய புற ஊதாக் கதிர் வருவதில்லை. சாளரக் கண்ணாடியே அதில் ஒரு பகுதியைத் தடுத்துவிடுகிறது. அங்கே படிவதும் உப்பும் சோப்பும் கலந்த கறை.

கேள்வி: துடைக்க நேர்ந்தால் எதைப் பயன்படுத்துவது? பூச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எப்படி அறிவது?

பதில்: மென்மையான துணி, வெதுவெதுப்பான நீர், சிறிது மிதமான சோப்பு ஆகியவை போதும். பிளேடு, இரும்பு நார், தேய்க்கும் பொடி ஆகியவற்றை அருகிலேயே கொண்டுவர வேண்டாம். 15 நானோமீட்டர் படலத்தைக் கீறிவிட்டால் அதை வீட்டில் யாராலும் சரிசெய்ய இயலாது. கட்டுமானம் நடக்கும்போது சிமெண்டும் பெயிண்டும் தெறிக்காமல் கண்ணாடியை மூடிவைப்பது, பின்னர் சுரண்டுவதைவிடப் பன்மடங்கு மேல்.

பூச்சு எந்தப் பக்கம் என்பது வெறுங்கண்ணுக்கு எளிதில் தெரியாது. உற்பத்தியாளர் ஒட்டிய சீட்டு அதைக் காட்டும். இரட்டைக் கண்ணாடி அமைப்பாக இருந்தாலும் பூச்சுள்ள பக்கம் வெட்டவெளியைத்தான் பார்க்க வேண்டும். சட்டத்தில் ஏற்றுவதற்கு முன், தாங்களே அருகில் நின்று சீட்டைச் சரிபாருங்கள். திருப்பிப் பொருத்திவிட்டால் அது சாதாரணக் கண்ணாடியாகவே இருந்துவிடும்.