மூன்று மணி நேரத்தில் ஐந்து இடமா, ஒரே ஒரு தீவா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் நாகர்கோவிலில் தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் பயணக் கட்டுரைகளை மகன்தான் எனக்கு அனுப்பிவைப்பான். அவன் குடும்பத்தோடு ஜெர்மனியில் இருக்கிறான். வரும் செப்டம்பரில் நானும் கணவரும் அவனிடம் போகிறோம். அங்கிருந்து நான்கு நாள் மாண்டினீக்ரோவுக்குக் கூட்டிப்போகிறான். அங்கே கோட்டோர் என்ற கடலோர ஊரில் அறை எடுத்தாயிற்று.

அதில் ஒரு நாள் காலையில் படகுப் பயணம். மதியத்துக்குமேல் வேறு ஊருக்குக் கிளம்பவேண்டும் என்பதால் அரை நாள்தான். வீட்டில் இப்போது இதே பேச்சு. மகன் வேகப்படகு என்கிறான். தீவுக் கோயில், நீர்மூழ்கிக் கப்பல் சுரங்கம், மாமுலா கோட்டை, நீலக்குகை, அப்புறம் நீச்சல் என்று மூன்று மணி நேரத்தில் ஐந்து இடம் காட்டுவார்களாம். மருமகளோ, "அத்தைக்கு அதெல்லாம் ஒத்துக்காது, மெதுவாகப் போகிற படகில் அந்தத் தீவுக் கோயிலையும் பக்கத்தில் இருக்கும் பேராஸ்ட் என்ற ஊரையும் பார்த்தால் போதும்" என்கிறாள். விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகிலேயே எனக்கு வயிறு புரட்டும். என் கணவருக்கு 68 வயது. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்து ஒரு வருடம் ஆகிறது. படகில் ஏறி இறங்க முடியுமா என்று அவருக்குப் பயம். ஆனாலும் இவ்வளவு தூரம் போய் ஒரே ஒரு தீவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதா என்று எனக்குள் ஒரு குறை. நீங்கள் அங்கே போய்வந்தவர். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி,
நாகர்கோவில்

அன்புள்ள அம்மா,

மருமகள் சொல்வதைக் கேளுங்கள். பேராஸ்ட் போகும் மெதுவான படகே போதும். காலை ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். ஏன் என்று மகன் கேட்பார் அல்லவா, அவருக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோட்டோர் துறைமுக ஊர்தான். ஆனால் திறந்த கடல் அங்கிருந்து வெகு தூரம். போகா என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் வளைகுடா, ஏட்ரியாட்டிக் கடலிலிருந்து சுமார் 28 கிலோமீட்டர், மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து உள்ளே வருகிறது. அதன் கடைக்கோடியில் இருக்கிறது கோட்டோர். விளம்பரங்களில் இதை ஃபியோர்டு என்று போடுவார்கள். ஃபியோர்டு என்பது பனியாறு அரித்து உண்டாக்குவது. இது ஓர் ஆற்றின் பள்ளத்தாக்கு. கடல்மட்டம் உயர்ந்தபோது மூழ்கிப்போனது. நடுவில் வெரிகே என்று ஒரு குறுகலான இடம் வரும். அங்கே ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு சுமார் 340 மீட்டர்தான். வெரிகே என்றால் சங்கிலி. பகைவரின் கப்பல் உள்ளே நுழையாதிருக்க அங்கே குறுக்கே சங்கிலி போட்டிருந்தார்கள் என்று சொல்கிறார்கள். சங்கிலி இன்று இல்லை. ஆனால் வெளிக்கடலின் அலையை அந்தக் குறுகல் இன்றும் உள்ளே விடுவதில்லை. அதற்கு இந்தப் பக்கம், நல்ல வானிலையில், காலை நேரத்துத் தண்ணீர் தெப்பக்குளம் போலக் கிடக்கும். பேராஸ்டும் தீவுக் கோயிலும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

நீலக்குகை அப்படியில்லை. வளைகுடாவை விட்டு வெளியே போய், லுஷ்டிட்சா தீபகற்பத்தின் மறுபுறத்தில், திறந்த கடலைப் பார்த்தபடி இருக்கிறது. கோடையில் அநேகமாக தினமும் அங்கே முற்பகலில் கடற்காற்று கிளம்பும். மாயெஸ்ட்ரால் என்று அதற்குப் பெயர். வடமேற்கிலிருந்து வரும், மதியத்துக்குமேல் வலுத்து, பொழுது சாயும்போது அடங்கிவிடும். பாய்மரம் ஓட்டுகிறவர்களுக்கு அது இஷ்டமான காற்று. உங்களைப் போல வயிறு புரட்டுகிறவர்களுக்கு அல்ல. யூகோ என்று தென்கிழக்கிலிருந்து ஈரக்காற்று ஒன்றும் உண்டு. மழையையும் பெரிய அலையையும் கூட்டிவரும். இலையுதிர் காலம் நெருங்க நெருங்க அதன் வரவும் கூடும் என்பதால், செப்டம்பர் பயணத்துக்கு இதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இதெல்லாம் தெரியாமல் நானும் மனைவியும் முதல்முறை வேகப்படகில்தான் போனோம். காலைப் பயணத்தில் இடமில்லை என்று பதினொன்றரை மணிப் படகில் ஏற்றினார்கள். காற்றைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படகில் பன்னிரண்டு பேர் இருந்தோம். வளைகுடாவின் வாயைத் தாண்டியதும் படகு அலைமேல் ஏறி ஏறி விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் இடுப்பெலும்பில் வந்து இடிக்கும். மனைவி முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. நீலக்குகைக்கு வந்தோம். தண்ணீர் அமைதியாக இருந்தால்தான் படகு நுழைய முடியும். உள்ளே போகும் சூரிய ஒளி அடித்தரையில் பட்டுத் திரும்பும்போது தண்ணீர் முழுக்க நீலமாக ஒளிரும் என்பார்கள். அன்றைக்கு அலை குகை வாயிலேயே மோதிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிப் படகைத் திருப்பிவிட்டார்.

மாமுலாவைச் சுற்றிவந்தது எனக்கு வேறு விதமான வருத்தம். வளைகுடாவின் வாயில் சின்னத் தீவு. அதை முழுக்க அடைத்துக்கொண்டு வட்டமாக ஒரு கோட்டை. லாசர் மாமுலா என்ற ஆஸ்திரியத் தளபதி 1853இல் கட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது முசோலினியின் படை அதைக் கைதி முகாமாக்கியது. உள்ளே பட்டினியால் செத்தவர்கள் உண்டு. இப்போது அது சொகுசு விடுதி, 2023இல் திறந்தார்கள். நாங்கள் போனபோது படகை இரண்டு நிமிடம் நிறுத்தினார்கள், எல்லோரும் படம் எடுத்தார்கள், கிளம்பிவிட்டோம். அப்படி ஓர் இடத்தின் முன்னால் இரண்டு நிமிடம் போதாது, அம்மா. ஒன்று, அதைப் பற்றிப் படித்துவிட்டுப் போய் அமைதியாக நிற்கவேண்டும். இல்லையென்றால் போகாமலே இருக்கலாம். நீர்மூழ்கிக் கப்பல் சுரங்கம் யூகோஸ்லாவியக் கடற்படை பாறையைக் குடைந்து செய்தது. படகு அதற்குள் நுழைந்து வெளியே வரும். சிறு பையன்களுக்குப் பிடிக்கும்.

கடைசியில் தீவுக் கோயிலுக்கு வந்தோம். இருபது நிமிடம் என்றார்கள். கோயில் வாசலில் வரிசை நின்றது. மனைவி தலைசுற்றலோடு கரைக்கல்லில் உட்கார்ந்துவிட்டார், நானும் உள்ளே போகவில்லை. ஊர் திரும்பிய பிறகு அந்தத் தீவைப் பற்றி வாசிக்க வாசிக்கத்தான் எதைப் பார்க்காமல் வந்துவிட்டோம் என்று உறைத்தது. இரண்டு வருடம் கழித்து அந்த ஒரு தீவுக்காகவே மறுபடி போனோம். இந்த முறை மரப்படகு.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன், 'ஒரே ஒரு தீவு' என்று குறைப்பட வேண்டாம். அந்தத் தீவே மனிதர்கள் போட்டது. 1452ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி, மீன்பிடித்துத் திரும்பிய இரண்டு சகோதரர்கள் கடலில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைமேல் மாதா படம் ஒன்றைக் கண்டெடுத்தார்கள் என்பது கதை. அன்றிலிருந்து அந்தப் பாறையைச் சுற்றிக் கல் போட ஆரம்பித்தார்கள். பழைய கப்பல்களிலும் பகைவரிடம் பிடித்த கப்பல்களிலும் கல்லை நிரப்பி அங்கேயே மூழ்கடித்தார்கள். அப்படி வளர்ந்து வளர்ந்து இன்று சுமார் 3,000 சதுர மீட்டர். நம் கணக்கில் 75 சென்ட் இருக்கும். வேலை இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் அதே ஜூலை 22 அன்று, பொழுது சாயும் நேரத்தில், பேராஸ்ட் ஆண்கள் கல் ஏற்றிய படகுகளை ஒன்றோடொன்று கட்டி வரிசையாக இழுத்துவந்து தீவைச் சுற்றிக் கொட்டுகிறார்கள். ஃபஷினாடா என்று அந்தச் சடங்குக்குப் பெயர். நீங்கள் போவது செப்டம்பரில், அதைப் பார்க்க முடியாது. ஆனால் தீவில் இறங்கியதும் கரையோரத்துத் தண்ணீரைக் குனிந்து பாருங்கள். கீழே கிடக்கும் கல் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையால் போட்டது.

இப்போதுள்ள கோயில் 1632இல் எழுந்தது, 1722இல் புதுப்பித்தார்கள். உள்ளே சுவரும் மேற்கூரையும் முழுக்க ஓவியம். 68 ஓவியங்கள் திரிபோ கொகொல்யா என்பவர் வரைந்தவை. அவரும் பேராஸ்ட்காரர்தான். அதற்குக் கீழே சுவரில் பட்டை பட்டையாக வெள்ளித் தகடுகள் ஓடும். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மாலுமிகள் நேர்ந்துகொண்டு கொடுத்தவை. பக்கத்தில் போய்ப் பார்த்தால், பாய் கிழிந்து சாய்ந்த கப்பல், அதை விழுங்க வரும் அலை, மேலே ஒரு மூலையில் மேகத்துக்குள் மாதா. வேளாங்கண்ணியில் வெள்ளியில் வீடும் தொட்டிலும் கப்பலும் செய்து வைப்பார்களே, அதைப் பார்த்த கண்ணுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

அதற்கெல்லாம் மேலாக நீங்கள் பார்க்கவேண்டியது, கோயிலை ஒட்டிய சின்ன அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பூத்தையல் படம். யாசிந்தா குனிச்-மியோவிச் என்ற பேராஸ்ட் பெண் தைத்தது. கடலுக்குப் போனவன் திரும்பி வருவான் என்று காத்திருந்த காலத்தில் தைத்தாள் என்கிறார்கள். 25 வருடம். பொன்னிழை, வெள்ளியிழை, பட்டு நூல். மாதாவைச் சுற்றியிருக்கும் குட்டித் தேவதைகளின் தலைமுடிக்கு மட்டும் தன் சொந்த முடியையே எடுத்துத் தைத்திருக்கிறாள். ஒரு தேவதையின் முடி இளமையின் நிறத்தில் இருக்கிறது. இன்னொன்றில் நிறம் வெளிறத் தொடங்குகிறது. வேறொன்றில் முழு நரை. தையல் அவ்வளவு நுணுக்கம் என்பதால் ஓர் அடி தள்ளி நின்றால் வண்ணம் தீட்டியது போலத்தான் தெரியும். முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோகவேண்டும். மறக்காமல் வாசிக்கும் கண்ணாடியை எடுத்துப்போங்கள். என் மனைவி அதன் முன்னால் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. நான் பேசியதற்குப் பதிலும் சொல்லவில்லை. ஆண்கள் வருடா வருடம் கல் போட்டு வளர்த்த தீவு அது. அதற்குள் ஒரு பெண் தன் வயதையே இழை இழையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இருபது நிமிடத்தில், வரிசைக்கு நடுவே, இதைப் பார்க்க முடியாது.

பக்கத்திலேயே சைப்ரஸ் மரங்களோடு இன்னொரு தீவு தெரியும். அது புனித ஜார்ஜ் தீவு, இயற்கையானது. பழைய மடமும் கல்லறையும் இருக்கின்றன. சுற்றுலாப் படகுகள் அங்கே நிற்பதில்லை.

சரி, பயணத்துக்கு வருவோம். கோட்டோரில் படகு ஏறியதும் வலப்பக்கம் உட்காருங்கள். டோப்ரோட்டா என்ற ஊரின் பழைய கப்பல் தலைவர்களின் கல்வீடுகள் தண்ணீரை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக வரும். கிழக்கே மலை சுவர் மாதிரி நிற்பதால் வெயில் கோட்டோருக்குத் தாமதமாகத்தான் வரும்; ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச தூரத்தில் மிதவைகள் வரிசை வரிசையாகத் தெரியும். அதில் கட்டித் தொங்கும் கயிறுகளில் மட்டி வளர்க்கிறார்கள். இந்த வளைகுடாவுக்கு மேலே மலையில் இருக்கும் ட்ஸ்ர்க்விட்சே என்ற சிற்றூரில் ஐரோப்பாவிலேயே மிக அதிக மழை. வருடத்துக்குச் சுமார் 4,600 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதுபோல் மூன்று மடங்குக்கும் மேல். அவ்வளவு நீரும் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, கரையோரத்திலும் கடலுக்கு அடியிலும் ஊற்றாக வெளியே வருகிறது. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் அந்த இடம் மட்டிக்குத் தோதானது. ஒராஹோவட்ஸ் என்ற ஊர்ப் பக்கம் படகு கரையை ஒட்டிப் போனால் கையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், கோடையிலும் சில்லென்று இருக்கும்.

காலை உணவைக் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றோடு மட்டும் ஏறவேண்டாம். கைபேசியைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். தீவில் ஒரு மணி நேரம் வேண்டும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மகன் செய்யவேண்டிய ஒரே வேலை இதுதான். பெரிய சுற்றுலாக் கப்பல் கோட்டோருக்கு வரும் நாளாக இருந்தால் பத்தரை மணிக்குமேல் தீவில் கூட்டம் சேர்ந்துவிடும். ஒன்பது மணி என்று சொன்னது அதற்காகவும்தான்.

பிறகு பேராஸ்டில் ஒரு மணி நேரம் இருங்கள். சில நூறு பேர் மட்டும் வாழும் ஊர். 55 மீட்டர் உயரத்தில் ஒரு மணிக்கூண்டு நிற்கும். ரஷ்யாவின் மகா பீட்டர் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தன் பிரபுக்களின் பிள்ளைகளைக் கடலோடக் கற்றுக்கொள்ள அனுப்பியது இந்தச் சின்ன ஊருக்குத்தான். மார்கோ மார்ட்டினோவிச் என்ற மாலுமி அவர்களுக்கு ஆசிரியர். ஆசிரியையான உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். கடலோரத் தெரு சமதளம், ஐயாவால் நடக்க முடியும். மணிக்கூண்டில் ஏறவேண்டாம். திரும்புவதற்குப் பேருந்தும் உண்டு. ஆனால் அது ஊருக்கு மேலே போகும் சாலையில் நிற்கும், நிறையப் படி ஏறவேண்டும். ஆகவே வந்த படகிலேயே திரும்பிவிடுங்கள்.

மகனுக்கு நீலக்குகை பார்த்தே ஆகவேண்டும் என்றால் வேறொரு நாள் விடியற்காலைப் படகில் அவர் மட்டும் போய்வரட்டும். காற்றடிக்கும் முன் போனால் அதுவும் நல்ல பயணம்தான்.

ஐயாவின் முழங்கால் பற்றிக் கேட்டீர்கள். ஏட்ரியாட்டிக்கில் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, மிகக் குறைவு. அதனால் படகின் விளிம்புக்கும் துறையின் கல்லுக்கும் உள்ள உயரம் காலையில் ஏறும்போது இருந்ததுபோலத்தான் மதியம் இறங்கும்போதும் இருக்கும். நாங்கள் போன மரப்படகில் அது ஒரு படி அளவுதான். படகுக்காரர் ஒருவர் கயிற்றைக் கட்டிவிட்டு நின்று கை நீட்டுவார். அவசரப்படுத்தமாட்டார்கள். எல்லோரும் இறங்கட்டும், ஐயா கடைசியாக இறங்கட்டும். அறுவை சிகிச்சை செய்யாத காலை முதலில் கரையில் ஊன்றச் சொல்லுங்கள்.

அன்புடன்.