பழைய ஐ5 கம்ப்யூட்டரில் கேம்: எதற்குச் செலவு செய்யலாம், எதற்குக் கூடாது

கேள்வி: 2014-ல் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது. ஐ5-4570 பிராசசர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், 1 டிபி ஹார்டு டிஸ்க், கேபினட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரன்ட் பிரித்துத் தரும் பெட்டி), பழைய மானிட்டர். கல்லூரி முதலாமாண்டு படிக்கும் மகன் ஜிடிஏ 5, வேலரன்ட் விளையாட வேண்டும் என்கிறான். ஒரு கடையில் கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் போட்டால் போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில், இதைத் தூக்கிப் போட்டுவிட்டு அறுபதாயிரத்துக்குப் புதிதாக வாங்குங்கள் என்கிறார்கள். என்னால் இருபத்தைந்தாயிரம் வரை முடியும். என்ன செய்யலாம்? (காவேரிப்பட்டினம் வாசகர்)

பதில்: அறுபதாயிரம் இப்போதைக்குத் தேவையில்லை. ஆனால் கார்டை மட்டும் வாங்கிச் சொருகினால் ஒரே மாதத்தில் மறுபடி கடை ஏற வேண்டியிருக்கும்.

எந்தப் பொருளை வாங்கும் முன்பும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு வருடம் கழித்து இந்த மதர்போர்டைக் கழற்றும்போது, இது அடுத்த மெஷினுக்கும் வருமா? எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலான வேகமான டிஸ்க்), கிராஃபிக்ஸ் கார்டு மூன்றும் வரும். டிடிஆர்3 ராமும் அந்தப் பழைய சாக்கெட்டுக்கான பிராசசரும் வராது. வருகிறவற்றை நல்லதாகப் பார்த்துப் புதிதாக வாங்குங்கள். வராதவற்றுக்குப் பெரிய காசு வேண்டாம். ஐ7-4770 செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறதே, மாற்றிவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். சும்மா கிடைத்தால் போடுங்கள். நாலைந்தாயிரம் கேட்டால் வேண்டாம்.

காசு எடுக்கும் முன் கேபினட்டைத் திறந்து பாருங்கள். நம் பக்கம் கிரானைட் பட்டறைத் தூள், ரோட்டுப் புழுதி எல்லாம் சேர்ந்து பிராசசர் ஃபேனுக்கு அடியில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், தாறுமாறாகச் சுற்றினால் கெட்டுப்போகும். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசிய பத்து வருடத் தெர்மல் பேஸ்ட் இந்நேரம் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். துடைத்துப் புதிதாக வையுங்கள். கூலரைத் திரும்ப மாட்டும்போது நான்கு மூலையிலும் உள்ள பிளாஸ்டிக் பின்கள் 'டக்' என்று இறங்கியதா என்று மதர்போர்டின் பின்பக்கத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். ஒரு பின் தூக்கியிருந்தாலும் கேம் போட்ட பத்தாவது நிமிடம் சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டும், பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பையன் கார்டு சரியில்லை என்பான்.

கேபினட்டை வெறுங்காலோடு தொட்டால் லேசாகச் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா? அப்படியானால் வீட்டில் எர்த் இல்லை, அல்லது இருந்தும் பயனில்லை. பாறை மண்ணில் எர்த் குழி கோடையில் காய்ந்துவிடும். எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்து, குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். இதைச் சரி செய்யாமல் பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் கார்டை உள்ளே வைக்காதீர்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். 450 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டு ஸ்டிக்கரில் சின்னதாக ஓர் அட்டவணை இருக்கும். அதில் +12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் முக்கியமாக இந்த லைனில்தான் கரன்ட் இழுக்கின்றன. 16 ஆம்பியர் என்றால் பன்னிரண்டால் பெருக்க 192 வாட், அவ்வளவுதான். உங்கள் பிராசசர் மட்டுமே 84 வாட் ரகம். 130 வாட் கார்டு ஒன்றைச் சேர்த்தால் கணக்கு அங்கேயே உதைக்கும். மலிவு எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போவதும் இல்லை, சில நேரம் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஆகவே பெயர் தெரிந்த கம்பெனியின் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze, கரன்ட்டை அதிகம் வீணாக்காத தரம்) சான்று உள்ளதாக வாங்குங்கள். யுபிஎஸ் வைத்திருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். பக்கத்துத் தோட்டத்தில் போர் மோட்டார் ஓடும்போது லைட் மங்குகிற வீடு என்றால் யுபிஎஸ் இல்லாமல் இருக்காதீர்கள்.

எஸ்எஸ்டி கட்டாயம். உங்கள் போர்டில் எம்.2 ஸ்லாட் அநேகமாக இருக்காது, அதனால் 2.5 இஞ்ச் சாட்டா ரகம் கேளுங்கள். எச்81-ல் நான்கு சாட்டா போர்ட் இருந்தால் இரண்டுக்குத்தான் 6 ஜிபிபிஎஸ் வேகம். போர்டில் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள், அதில் மாட்டுங்கள். ஜிடிஏ 5 மட்டுமே நூறு ஜிபி கேட்கும் என்பதால் 240 ஜிபி போதாது, 500 ஜிபி எடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் படம், போட்டோவுக்கு இருக்கட்டும். ராமுக்கு இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3, 1600 மெகாஹெர்ட்ஸ் ஸ்டிக் செகண்ட் ஹேண்டில் போதும். இரண்டு ஸ்டிக் இருந்தால் டூயல் சேனலில், அதாவது இரண்டும் சேர்ந்து வேகமாக ஓடும். அந்த போர்டுக்கு 16 ஜிபிதான் உச்சவரம்பு.

இப்போது கார்டு. எச்81-ன் கிராஃபிக்ஸ் ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 தலைமுறை. இது தெரியாமல் பலர் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கிவிடுகிறார்கள். அது நான்கே லேன் (டேட்டா போகும் பாதை) பயன்படுத்தும் கார்டு, 4.0 ஸ்லாட்டை மனதில் வைத்துச் செய்தது. பழைய ஸ்லாட்டில் மூச்சுத் திணறும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் என்ற வசதி வேண்டும், உங்கள் போர்டில் அதை எதிர்பார்க்க முடியாது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்தத் தலைமுறைக்குப் புதிய கேம் டிரைவர் வருவது 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. ஆன்லைனில் மலிவாக விற்கும் ஆர்எக்ஸ் 580-களில் பாதிக்கு '2048 எஸ்பி' என்று ஒரு வால் இருக்கும். பெயர்தான் 580, உள்ளே இருப்பது 570-க்குச் சமமான சரக்கு.

உங்களுக்கு நான் சொல்வது ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி ரகம். 70 வாட்தான், பெரும்பாலான மாடல்களில் தனி பவர் கேபிளே வேண்டாம். எட்டு லேன் என்பதால் பழைய போர்டில் கொஞ்சம் வேகம் குறையும், அடுத்த போர்டுக்கு மாறும்போது அந்தக் குறை நீங்கிவிடும். கடையில் 8 ஜிபி 3050-ஐயும் காட்டுவார்கள். அது கூடுதல் பவர் கேட்கும் வேறு கார்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, கார்டு மூன்றையும் கூட்டினால் பட்ஜெட் இடிக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸிலும் எஸ்எஸ்டியிலும் குறைக்காதீர்கள். கார்டில் ஒரு படி இறங்கி ஜிடிஎக்ஸ் 1650 பாருங்கள், அதற்கு இன்னும் டிரைவர் வருகிறது.

எங்கே வாங்குவது? கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் தொண்ணூறு கிலோமீட்டர்தான். அங்கே கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் நாலு கடை விசாரித்தால் விலை வித்தியாசம் தெரியும். ஆனால் வாரன்டிக்கு மறுபடி அங்கே போக வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள்தான் வித்தியாசம் என்றால் உள்ளூரிலேயே வாங்கலாம். கேபினட்டையே கடைக்குத் தூக்கிப்போய் கார்டைப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லலாம் பாருங்கள், பழைய போர்டுக்கு அது பெரிய வசதி. சில நேரம் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால்தான் புது கார்டில் படம் வரும். எங்கே வாங்கினாலும் சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள்.

பலர் கவனிக்காத இடம் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். விண்டோஸ் 11 முறைப்படி வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், உங்களுடையது நான்காம் தலைமுறை. கடையில் "அதெல்லாம் ஏற்றித் தரலாம் சார்" என்பார்கள். ஏற்றவும் முடியும். ஆனால் விண்டோஸ் 11-ல் வேலரன்ட் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். இல்லையென்றால் வேன் (VAN) 9001 என்று பிழை காட்டி வெளியே தள்ளிவிடும். எனவே இப்போதைக்கு விண்டோஸ் 10-லேயே இருங்கள், பேங்க் வேலையை இந்த மெஷினில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பாதுகாப்பு அப்டேட்டும் நிற்கும் சமயம்தான் போர்டு மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய சமயம். அப்போது ரைசன் 5 5600 அல்லது ஐ3-12100எஃப், அதற்கேற்ற போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம் மட்டும் வாங்கினால் போதும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கண்டபடி ஏறியிருக்கிறது, அவசரப்பட வேண்டாம்.

பையன் கேட்கும் கேம்களைப் பொறுத்தவரை கவலை இல்லை. வேலரன்ட் இலகுவான கேம், உங்கள் பிராசசருக்கு அது பாரமே இல்லை. ஜிடிஏ 5 இப்போது கம்ப்யூட்டரில் இரண்டு பதிப்பாக இருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த என்ஹான்ஸ்டு பதிப்பு குறைந்தபட்சமே ஐ7-4770 கேட்கிறது, எஸ்எஸ்டியும் கட்டாயம் என்கிறது. பழைய லெகசி பதிப்புக்கு அவர்கள் பரிந்துரைத்ததே ஐ5-3470தான். லெகசியை இறக்கச் சொல்லுங்கள், தாராளமாக ஓடும்.

இன்னொன்று, புதுக் கார்டுகளில் விஜிஏ போர்ட் கிடையாது. உங்கள் மானிட்டரில் நீல நிற விஜிஏ மட்டும் இருந்தால், எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றும் வாங்குங்கள். அதன் எச்டிஎம்ஐ முனையைக் கீழே இருக்கும் கார்டில்தான் சொருக வேண்டும். மேலே மதர்போர்டில் இருக்கும் போர்ட்டில் சொருகினால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.