ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் பேர்டின் நான்கு குரல் திருப்பலி (கத்தோலிக்கர்களின் மாஸ் வழிபாடு) இசையை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? எனக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பாடுவது போலத்தான் கேட்கிறது

வேறு வேறுதான் பாடுகிறார்கள். நீங்கள் கேட்டது சரி. ஒரு மெட்டு, ஒரு தாளம் என்று பழகிய காதுக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாது. அனேகமாக நீங்கள் கேட்டது பெரிய கோயிலில் முப்பது நாற்பது பேர் பாடிய பதிவாக இருக்கும். எதிரொலியில் எல்லாம் கலந்துவிடும்.

நான் இசையியல் படித்தவன் இல்லை. இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன், வார இறுதியில் ஒரு அமெச்சூர் பாடகர் குழுவில் டெனார், அதாவது ஆண்களின் உயர்ந்த குரல் பகுதி, பாடுகிறேன். மதம் பரப்புவதாகச் சிலர் கிளம்புவார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன், நான் கிறிஸ்தவன் அல்ல, எங்கள் வீட்டுப் பூஜை அறையில் இருப்பது முருகன்.

இந்த இசை கோயிலுக்காக எழுதப்பட்டதே இல்லை. 1559க்குப் பிறகு இங்கிலாந்தில் கத்தோலிக்கத் திருப்பலி சட்டவிரோதமாக இருந்தது. 1585 முதல் கத்தோலிக்கக் குருவானவரை வீட்டில் ஒளித்து வைத்தாலே மரண தண்டனை வரை போகக்கூடிய நிலை இருந்தது. பேர்ட் கத்தோலிக்கர், அதேசமயம் முதலாம் எலிசபெத் ராணியின் அரண்மனை தேவாலயப் பாடகர். 1592-93 வாக்கில் இதை அச்சிட்டபோது தலைப்புப் பக்கம் இல்லை, அச்சகத்தின் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. ஆனால் உள்ளே தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டார். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு, ஏதோ ஒரு பணக்காரக் குடும்பத்தின் வீட்டில், ஆளுக்கு ஒரு சின்னப் புத்தகத்தோடு பாடிய இசை இது. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு குரலுக்கான ஸ்வரங்கள் மட்டுமே இருக்கும். மற்றவர் என்ன பாடுகிறார் என்பதைக் காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் குழுவில் நாலு பேர் ஒருமுறை ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பாடிப் பார்த்தோம். கையசைத்து வழிநடத்தும் கண்டக்டர் கிடையாது. கடைசிப் பகுதியான அக்னுஸ் தேயியில் முதலில் பெண்குரல் இரண்டு மட்டும். அப்புறம் மூன்று குரல். மூன்றாம் முறை நான்கும் சேர்ந்து, ‘டோனா நோபிஸ் பாச்செம்’, எங்களுக்குச் சமாதானம் தாரும் என்ற வேண்டுதல். அந்த இடத்தில் ஒரு குரல் தன் ஸ்வரத்தை விடாமல் பிடித்து நிற்கும், இன்னொன்று அதற்கு அடுத்த ஸ்வரத்தில் வந்து உரசும். உரசல் தாங்க முடியாமல் போகும்போது நிற்பவர் ஒரு படி இறங்குவார். இறங்கி மூச்சு விடுவதற்குள் வேறு இருவருக்குள் அடுத்த உரசல். மேசைக்கு எதிரே இருந்த ஆல்டோவின் (தாழ்ந்த பெண்குரல் பாடுபவர்) குரல் என் குரலோடு மோதியதை என் தாடை எலும்பிலேயே உணர்ந்தேன். கடைசியில் ஒரு மேஜர் கார்டில், உரசல் இல்லாமல் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களில், போய் நிற்கும். சமாதானம் கிடைக்காதவர்கள் கேட்கிற சமாதானம் அது. முடித்ததும் யாரும் பேசவில்லை, நண்பரின் மனைவி எழுந்து போய் டீ போட்டார்.

கர்நாடக இசையில் இந்த ஆழம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. ஒற்றைக் குரல் ஒரு ராகத்துக்குள் போகிற ஆழம் வேறு, இது வேறு.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். பாட்டு கேட்கும் செயலிகளில் இதைத் ‘தூக்கத்துக்கான இசை’, ‘மன அமைதி’ பட்டியல்களில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஜெயிலுக்குப் போகலாம் என்று தெரிந்தே பாடிய பாட்டு, தூங்குவதற்கா? அதிலும் குளோரியா, கிரேடோ என்ற அடுத்தடுத்த பகுதிகளுக்கு நடுவில் கடன் அட்டை விளம்பரம். இசையமைப்பாளர் பெயரைப் போட்டுத் தேடினால் ஒழுங்காக வராது, வந்தாலும் பகுதிகள் முன்னும் பின்னுமாக ஓடும். மாதச் சந்தா கட்டியும் இந்தத் தேடல் கொடுமை தீரவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முழுசாகக் கேட்காதீர்கள். அக்னுஸ் தேயி மட்டும் எடுங்கள், மூன்றரை நிமிடம் போல வரும். குரலுக்கு ஒருவர் மட்டும் பாடிய பதிவாகப் பாருங்கள், ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு குரலை, முடிந்தால் டெனாரை, அது நுழைகிற இடத்திலிருந்து கடைசிவரை விடாமல் பின்தொடருங்கள். மறுநாள் அதையே பேஸ் குரலோடு, அதாவது ஆண்களின் தாழ்ந்த குரலோடு, கேளுங்கள்.