கோலா மீன் காட்டிக்கொடுத்த பேட்டர்ன்

கேள்வி: பிஎச்பியில் பில்லிங் புரோகிராம் எழுதுகிறேன். பில் வரியில் எடையைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்தைத் தேடும் பேட்டர்ன்) டெஸ்டில் சட்டென்று ஓடுகிறது. அதை ஓட்டும் பிசிஆர்இ2 லைப்ரரியில் ஆப்டிமைசேஷனை (தேடலை வேகமாக்கும் குறுக்குவழிகளை) அணைக்கவும் வழி இருக்கிறதாமே, வேகம் வேண்டாமென்று யார் சொல்வார்கள்?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நானும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், கடலூர் முதுநகரில் ஒரு மீன் ஏலக் கடைக்கு புரோகிராம் போட்டுக்கொடுக்கும் வரை. எண்களுக்குப் பின் 'கிலோ' வருகிறதா என்று தேடும் என் பேட்டர்ன் இது:

([0-9]+ *)+கிலோ

'கிலோ' இல்லாத வரிகளைக் கொடுத்தால் கண்மூடித் திறப்பதற்குள் 'இல்லை' என்றது. கடையில் வைத்த சில நாளில் கணக்குப்பிள்ளை போன் செய்தார். "அண்ணே, அந்த ஒரு வியாபாரிக்குக் கோலா போட்டா மட்டும் பில் நின்னுடுது. மத்தி போட்டா ஓடுது."

கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன். இல்லை. அந்த வியாபாரியின் 10 இலக்க போன் நம்பரும் 14 இலக்க வங்கிக் கணக்கு எண்ணும் வரியின் தலையில் இருந்தன. சரக்கு எல்லாம் பெட்டிக் கணக்கு, வரியில் 'கிலோ'வே கிடையாது. லைப்ரரி தேடலைத் தொடங்கும் முன், 'கிலோ'வின் கடைசி பைட் வரியில் எங்காவது இருக்கிறதா என்று பார்த்துவிடும். அது 'ோ'வின் பைட். மத்தியில் அது இல்லை, உடனே திரும்பிவிடுகிறது. கோலாவில் இருக்கிறதே! உள்ளே விட்டுவிட்டது. அப்புறம் 'கிலோ' கிடைக்காமல், இலக்கங்களை விதவிதமாகத் துண்டு போட்டுத் திரும்பத் திரும்பத் தேடியது. 10 இலக்கத்தைப் பிரிக்க 512 வழி, 14 இலக்கத்தைப் பிரிக்க 8,192 வழி. பெருக்கினால் 40 லட்சத்துக்கு மேல். பிஎச்பியின் பேக்டிராக் லிமிட் (இப்படித் திரும்பிப் போய்த் தேடுவதற்கான வரம்பு) வழக்கமாக 10 லட்சம்தான். பாதியில் கைவிரித்து 'ஃபால்ஸ்' என்றது, என் கோடு பில்லை நிறுத்தியது.

ஆக, டெஸ்டில் என் பேட்டர்ன் ஓடவே இல்லை. ஓடாத மாட்டுக்குத்தான் நான் மாலை போட்டிருந்தேன்.

பேட்டர்னின் முன்னால் 'நோ ஸ்டார்ட் ஆப்ட்' (அந்த முன்சோதனை வேண்டாம் என்னும்) குறியைப் போட்டிருந்தால் மத்தி வரியே மாட்டிக்கொண்டிருக்கும். அணைக்கும் வசதி அதற்குத்தான். லைப்ரரியோடு வரும் பிசிஆர்இ2டெஸ்ட் கருவியிலும் இதைப் போட்டுப் பார்க்கலாம். ஜேஐடியையும் (பேட்டர்னை மெஷின் கோடாக மாற்றி ஓட்டும் வசதி) ஒருமுறை அணைத்து, ஒருமுறை ஏற்றி ஓட்டுங்கள். ஜேஐடியில் லிமிட்டை எண்ணும் விதமே வேறு. (அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் ஜேஐடி அணைந்திருந்தது.) இரண்டு ஓட்டத்திலும் விடை ஒன்றாக வர வேண்டும். பேட்டர்னில் 'கமிட்' (இங்கே தோற்றால் வேறு இடத்தில் தேடாதே என்பது) போன்ற கட்டளை இருந்தால் மட்டும் ஸ்டார்ட் ஆப்டிமைசேஷனை அணைக்கும்போது விடை மாறலாம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

டெஸ்டோடு சரி, கடையில் ஓடும் கோடில் அணைக்காதீர்கள். பேட்டர்னை மட்டும் இப்படி மாற்றினேன், கோலாவும் ஓடுகிறது:

[0-9][0-9 ]*கிலோ