கேள்வி – பதில்: பதிவறையில் எதை வைப்பது, எதை அழிப்பது?

கேள்வி: மாவட்ட அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கும் எனக்குப் பதிவறைப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. எதையும் தொடாமல் விடுவதே பாதுகாப்பு என்கிறார் மூத்த எழுத்தர். அது சரியா? – வாசகி, விழுப்புரம்

பதில்: அவருடைய அச்சம் நியாயமானதே, ஆனால் எல்லாவற்றையும் வைத்திருக்கும் பதிவறையில் வேண்டியது எதுவும் கைக்குக் கிடைப்பதில்லை. ஒரு கோப்பின் ஆயுள் பதிவறையில் தீர்மானிக்கப்படுவதில்லை. கோப்பை முடிக்கும் நாளில், பிரிவு எழுத்தரின் மேசையிலேயே அது தீர்மானமாகிவிடுகிறது. முடிக்கும்போது ‘டிஸ்.’ (டிஸ்போசல், அதாவது முடிவு) என்பதற்கு முன் இடும் எழுத்தே அந்த ஆயுளைச் சொல்லும்: ஆர்.டிஸ். என்று முடித்தால் நிரந்தரம், டி.டிஸ். என்றால் 10 ஆண்டு, கே.டிஸ். என்றால் 3 ஆண்டு, எல்.டிஸ். என்றால் ஓராண்டு. அரசு நிலத்தை ஒருவருக்கு வழங்கும் நில ஒப்படையையோ பணிமூப்பையோ பற்றிய கோப்பை யோசிக்காமல் கே.டிஸ். என்று முடித்துவிட்டால், பிற்காலத்தில் ஒரு குடும்பத்தின் உரிமைக்கான சான்றே இல்லாமல் போகும். ஆகவே முடிவு எழுத்தைச் சரிபார்ப்பதை உங்கள் முதல் வேலையாகக் கொள்ளுங்கள்.

கட்டுகளைப் பிரிக்கும்போது எந்தப் பிரிவில் உருவான கோப்போ அந்தப் பிரிவின் கீழேயே வையுங்கள்; பொருள்வாரியாக மாற்றி அடுக்கும் ஆசை வேண்டாம். அலுவலர்கள் கருத்தெழுதும் குறிப்புக் கோப்பில் உள்ள ஒரு வரி, கடிதங்கள் அடங்கிய நடப்புக் கோப்பின் குறிப்பிட்ட பக்கத்தைப் பார்த்து எழுதப்பட்டது. வரிசை குலைந்தால் இரண்டுமே பொருளிழந்துவிடும். எழும்பூரில் 1909-இல் எழுந்த கட்டடத்தில் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், 1670 முதலான கிழக்கிந்தியக் கம்பெனிக் காலப் பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் கேட்டுப் பெற முடிகிறதென்றால், அங்கே வரிசையும் பட்டியலும் காப்பாற்றப்பட்டதே காரணம்.

குண்டூசிகளை உடனே எடுத்துவிட்டு நூல் டேக் போடுங்கள். நான் பிரித்த ஒரு கட்டில், புல வரைபடத்தின் மூலையில் குத்தியிருந்த ஊசி துருப்பிடித்து, அந்த மூலை பழுப்புத் தூளாகக் கையோடு வந்தது. அதில் எழுதியிருந்த எல்லை அளவும் அதோடு போயிற்று. கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டாதீர்கள்; அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும், பிறகு அதை எடுக்கவே முடியாது.

காலம் முடிந்தவற்றை அழிக்கத் தயங்க வேண்டாம். ஆனால் நீதிமன்ற வழக்கோ தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபமோ நிலுவையில் இல்லை என்று உறுதிசெய்து, பட்டியலிட்டு, அலுவலகத் தலைவரின் எழுத்து மூலமான ஒப்புதலைப் பெற்ற பிறகே அழிக்க வேண்டும். அந்தப் பட்டியலை மட்டும் ஒருபோதும் அழிக்கக் கூடாது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு இது சட்டமாகவே இருக்கிறது: 1993-ஆம் ஆண்டின் பொதுப் பதிவேடுகள் சட்டப்படி, முறைமீறி அழித்தால் 5 ஆண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கேள்வி: தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. இனி என்ன செய்வது? – வாசகர், திண்டுக்கல்

பதில்: 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலக்கு அளிக்கும் காரணங்களுள் ‘கிடைக்கவில்லை’ என்பது இல்லை. பதிவேடுகளை அட்டவணைப்படுத்தி வைப்பது அலுவலகத்தின் கடமை என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. கோப்பு காணாமற் போனதென்றால் விசாரணை நடத்திப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றமும் 2013-இல் கூறியிருக்கிறது. பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அத்துடன் தனி மனு ஒன்றில், அந்தக் கோப்பு பதிவறைக்கு வந்த பதிவின் நகலையும், அழிக்கப்பட்டிருந்தால் அழிப்புப் பட்டியலையும் ஒப்புதல் ஆணையையும் கேளுங்கள். முறையாக அழித்திருந்தால் இவை இருந்தே தீரும்.

கேள்வி: கோப்புகளை ஸ்கேன் செய்துவிட்டால் மூலத்தை அழித்துவிடலாமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: நிரந்தரக் கோப்புகளில் கூடாது. கோப்பு எண்ணும் ஆண்டும் பிரிவும் குறிக்காமல் ‘ஸ்கேன்001’ என்று சேமித்த ஆயிரம் படங்களில் ஒன்றைத் தேடுவது, அவிழ்ந்த கட்டில் தேடுவதைவிடக் கடினம். ஸ்கேன் செய்த அன்றே இந்த மூன்றையும் குறித்து, தாளின் பின்பக்கமும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதிகாரிகளின் கையெழுத்துக் குறிப்புகள் பல நேரம் அங்கேதான் இருக்கும்.